கெவுடாவும் கூட்டுப்பொருளும்: மூலப்பொருளின் மதிப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

1. வினா

இக்காலத்து இளைஞர் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் மாயாலோக விளையாட்டுகளில், ஆயுதங்களையும் அணிகலன்களையும் மருந்துகளையும் விளையாடுவோரே ஆக்கிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு உண்டு. காட்டிலும் குகையிலும் திரிந்து, பூதங்களை வென்று, பெறுகின்ற அற்பப் பொருள்கள் பல தம்மளவில் யாதொரு பயனும் இல்லாதவை; பிறிதொன்றோடு கூடும்போது மட்டுமே பயன்படுபவை. இவற்றைக் கூட்டுப்பொருள் என இக்கட்டுரையில் வழங்குவோம். பிறிதொன்றாக மாறுவதற்கென்றே இருக்கும் ஒரு பொருளின் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது, அப்பொருளிலா, அதனை மாற்றும் செய்முறையிலா, செய்முறையை அறிந்தவனது கையிலா என்னும் வினா, விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினும், இரத்தினபுரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு கல்லைப் பற்றியதுமாகும். சப்ரகமுவையின் மாணிக்கச் சரளையில் கூடைகூடையாகக் கிடைத்து, நெடுங்காலம் எவராலும் மதிக்கப்படாதிருந்து, பின்னர் தீயினுள் புகுந்து நீலமணியாக வெளிவந்த கெவுடா என்னும் அப்பால்நிறக் கல்லை விளையாட்டின் கூட்டுப்பொருளுக்கு அருகில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விளையாட்டின் விதி

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளத்தக்க விளையாட்டுகளுள் எளிமையாலும் நகைச்சுவையாலும் தனித்து நிற்பது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸாக் ஜான்சன் என்பவர் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிங்டம் ஆஃப் லோதிங்' ஆகும். கோட்டோவியங்களாலும் எழுத்தாலுமே அமைந்த அவ்வுலகில் பொன்னும் வெள்ளியும் நாணயமல்ல; இறைச்சியே நாணயம். அந்நாணயத்தில் பத்தைச் செலவிட்டால் இறைச்சிப் பசை ஒன்று கிடைக்கும். அப்பசையைக் கொண்டு இரு பொருள்களை ஒட்டி மூன்றாவதொரு பொருளை ஆக்கலாம். பணமே பசையாகி, பசையே தொழிற்கருவியாகும் இவ்வேற்பாடு வேடிக்கையாகப் படைக்கப்பட்டதாயினும், பொருளாதாரம் பயில்வோர் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது. ஏனைய சந்தைகளில் பணம் பொருளுக்கு ஈடாக நிற்கும். இங்கோ பணம் தானே பொருளினுள் கலந்து மறைந்துவிடுகிறது.

அவ்விளையாட்டில் மூன்று நியதிகளை நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும். ஒன்று, ஒரே பெயருடைய இரு பொருள்களுக்கிடையே எவ்வித வேறுபாடும் இல்லை. நூறு பேரிடமுள்ள நூறு பொருள்களும் ஒரே குணமுடையவை. இரண்டு, எப்பொருளோடு எப்பொருள் சேரும் என்பது முதலில் மறைவாயிருப்பினும், ஒருவர் கண்டறிந்ததைப் பிறரும் எழுதிவைத்துப் பகிர்ந்துகொள்வதால், செய்முறை விரைவிலேயே அனைவரது பொதுச்சொத்தாகிவிடுகிறது. மூன்று, பசையால் ஒட்டியவற்றை மீண்டும் பிரித்துத்தரும் கதாபாத்திரமொன்றும் அவ்வுலகில் உண்டு. அவனுக்குரிய சிறு உபகாரமொன்றைச் செய்துகொடுத்தபின், ஒட்டிய பொருளை அவனிடம் தந்து மூலப்பொருள்களைப் பழுதின்றித் திரும்பப் பெறலாம். இழப்பு என்பது அங்கே பெரும்பாலும் நேரத்தின் இழப்பேயன்றிப் பொருளின் இழப்பன்று.

இத்தகைய கற்பனைச் சந்தைகளைப் பொருட்படுத்தத் தகாத பொழுதுபோக்கென ஒதுக்கிய காலமொன்று இருந்தது. எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்னும் பொருளாதார அறிஞர் 2001ஆம் ஆண்டில், 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டின் நோராத் என்ற கற்பனை நாட்டினை உண்மையான நாடுகளை அளக்கும் கணக்குமுறைகளாலேயே அளந்து காட்டியபின் அந்நிலை மாறிற்று. அவருக்குப் பின் வந்தோரிடையே பரவலாக நிலவும் அபிப்பிராயம் யாதெனில், கூட்டுப்பொருளுக்குத் தன்னளவில் மதிப்பில்லை, அதன் மதிப்பு முழுவதும் அது எதுவாக மாறக்கூடும் என்பதிலிருந்து பின்னோக்கி இறங்கி வருவது என்பதே. இதனை விளையாட்டுக்குள் நிறுத்தும் வரையில் குறை காண்பதற்கில்லை. மண்ணிலிருந்து வரும் கூட்டுப்பொருளுக்கும் இதுவே பொருந்துமென்பாருளராயின், அவர்கள் இரத்தினபுரிக்கு வந்து பார்க்க வேண்டும்.

3. சரளையில் கிடந்த கல்

களு கங்கையின் படுகையிலும், பெல்மதுளை, குருவிட்ட, எகெலியகொட, கஹவத்தை, பலாங்கொடை முதலிய ஊர்களின் வயல்களுக்கும் தோட்டச் சரிவுகளுக்கும் அடியிலும், களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே இல்லம் எனப்படும் மாணிக்கச் சரளைப் படுக்கை கிடக்கிறது. மரக்கால்களை நிறுத்தி, அவற்றிடையே குறுக்குச் சட்டங்களை இறுக்கி, மண் சரியாதபடி பன்னமிலைகளைச் செருகி, நீரை இறைத்துக்கொண்டே குழியை ஆழப்படுத்திச் சென்று, இல்லத்தை எட்டியதும் அதனை வாரி மேலேற்றி, கூம்புவடிவக் கூடையில் இட்டு நீருள் சுழற்றிக் கழுவுவர். இலேசானவை நீரோடு போக, கனத்தவை கூடையின் அடியில் தங்கும். அவ்வெச்சத்தைக் கையால் விலக்கி விலக்கிப் பார்க்கும் அந்தக் கணமே தொழிலின் உயிர்நிலை. அனுபவமுள்ளவர் கண்ணிலிருந்து ஒரு கல் தப்பினால், அது கழிவுக்குவியலுக்குப் போய்விடும். அதன்பின் அதனைத் தேடுவாரில்லை.

அவ்வாறு கண்ணில் பட்டும் கழிவாகவே போனதுதான் கெவுடா. அது நீலமணியும் செம்மணியும் சேர்ந்த குருந்த இனத்தைச் சேர்ந்ததே. அலுமினியமும் பிராணவாயுவும் கூடிய கடுங்கல்லே. ஆயினும் ஒளியூடுருவாத பால்மங்கலோ, புகைபடர்ந்த சாயலோ, எண்ணெய் படிந்தாற்போன்ற மினுமினுப்போ அதன் அழகைக் கெடுத்திருக்கும். பால்நிறத்தது, பட்டிழையுடையது, எண்ணெய்ச் சாயலால் டீசல் என்று வழங்குவது எனத் தொழிலாளரும் வணிகரும் அதற்கு வகைகள் வகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர். நீலம் ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிநிற்கும் கல்லை ஒட்டு என்பர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைவீதியைச் சொல்லுமிடத்து, மணிகளின் குணமும் குற்றமும் பகுத்தறியும் வல்லுநரை இளங்கோவடிகள் விரித்துரைப்பதை நோக்கின், குற்றமறிதல் என்பது தமிழர்க்கு நெடுநாட் பழகிய சாஸ்திரமென்பது விளங்கும். அச்சாஸ்திரத்தின்படி கெவுடா முழுவதும் குற்றமே. அக்குற்றத்திற்குள்தான் நீலம் ஒளிந்திருக்கிறது என்பதை அறிவதற்கு வேறொரு சாஸ்திரம் வேண்டியிருந்தது.

இரத்தினபுரியின் கழிவு பின்னர் பொருளான சம்பவம் இதுவொன்றே அன்று. ஆனந்த குமாரசுவாமி, கலைவரலாற்று ஆசிரியராக உலகறியப்படுவதற்கு முன், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத்துறைக்குத் தலைவராயிருந்தபோது, சப்ரகமுவையின் மாணிக்கச் சரளையில் கிடந்த கனத்த கருநிறக் கனிமமொன்றைக் கவனத்துக்குக் கொணர்ந்தார். தோரியனைட் என்று பெயர்பெற்ற அது, எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியத்தை மிகுதியாகக் கொண்டது. அதுபோலவே, பழுப்புநிற ஒலிவைன் வகையென நெடுங்காலம் கருதப்பட்ட இலங்கைக் கல்லொன்று 1952ஆம் ஆண்டில் தனிக்கனிமமென நிறுவப்பட்டுச் சிங்கலைட் எனப் பெயர்பெற்றது. கல் மாறவில்லை, அறிவு மாறிற்று. எனினும் இவ்விரண்டிலும் நிகழ்ந்தது அடையாளங்காணலே. கெவுடாவில் நிகழ்ந்ததோ உருமாற்றம். அவ்வேறுபாடே நமக்கு முக்கியமானது.

4. தீயினுள் நிகழ்வது

கெவுடாவின் பால்மங்கலுக்குக் காரணம், அதனுள் பரவிக்கிடக்கும் ரூட்டைல் என்னும் தைத்தானிய ஒக்சைட்டின் நுண்ணூசிகளாகும். பூமியின் ஆழத்தில் கல் மெல்ல மெல்லக் குளிர்ந்த காலத்தில், குருந்தத்தின் படிகக்கட்டுக்குள் கரைந்திருந்த தைத்தானியம் அதனுள் தங்கவியலாது பிரிந்து ஊசிகளாய் உறைந்துவிட்டது. குருந்தம் உருகுவது ஏறத்தாழ 2,050 பாகை செல்சியசில். அதற்குக் கீழே 1,600 பாகைக்கும் 1,850 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கல்லை நெடுநேரம் வைத்திருந்தால், அவ்வூசிகள் மறுபடியும் படிகத்துள் கரைந்துபோம். மங்கல் நீங்கித் தெளிவு பிறக்கும். இது பாதி வேலை. பிராணவாயு குறைந்த சூழலில் அவ்வெப்பம் நிகழுமாயின், கல்லிலுள்ள இரும்பின் ஒரு பகுதி ஈரிணைதிற நிலைக்கு இறங்கி, அருகிலுள்ள தைத்தானியத்தோடு ஜோடி சேரும். அந்த ஜோடியினிடையே மின்னணு ஒன்று தாவும்போது ஒளியின் மஞ்சளும் சிவப்பும் விழுங்கப்பட்டு, நீலம் நம் கண்ணை வந்தடைகிறது. பிராணவாயு மிகுந்த சூழலிலோ அக்கல்லே மஞ்சளாக முடியும். சூடேற்றியபின் மிக மெதுவாகக் குளிரவிட்டால் ஊசிகள் திரும்பவும் முளைத்துவிடும். ஆக வெப்பத்தின் அளவு, அடுப்பிலுள்ள காற்றின் தன்மை, குளிரும் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தாலன்றி நீலம் கிட்டாது.

இவ்விடத்தே கற்பனையுலகின் மூன்று நியதிகளுள் இரண்டு முறிகின்றன. ஒரே பெயருடைய இரு கெவுடாக்கள் ஒரே பொருளல்ல. இரும்பும் தைத்தானியமும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விகிதத்தில், பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு என்னும் அளவில் மாத்திரமே, அமைந்திருக்கும். ஒன்று ஆழ்ந்த நீலமாகும், அடுத்தது வெளிறி நிற்கும், மூன்றாவது உள்ளே மறைந்திருந்த வெடிப்பு விரிந்து சிதறும். சிதறிய கல்லை மீட்டுத்தரும் பாத்திரமும் இங்கு எவருமில்லை. ஆகவே, 'கூட்டுப்பொருளுக்குத் தன்னளவில் மதிப்பில்லை' என்னும் கூற்று கெவுடாவைப் பொறுத்தவரை பிழையென்றே நான் கருதுகிறேன். மதிப்பு கல்லுக்குள் சமமின்றிப் பகிர்ந்து கிடக்கிறது. எந்தக் கல்லில் கிடக்கிறது என்பதைத் தீக்கு முன்னரே கண்டு தெரிந்தெடுக்கும் கண்ணுக்குத்தான் அத்தொழில் முழுவதும் கடன்பட்டிருக்கிறது. விளையாட்டின் விதி இந்தத் தெரிந்தெடுப்பை இல்லாததாக்கி வைத்திருப்பதால், அவ்விதியைக் கொண்டு உலகை விளக்குவோரும் அதனைக் காணாது போய்விடுகின்றனர்.

5. செய்முறையின் யாத்திரை

கல்லைத் தீயிலிட்டுத் திருத்தும் வழக்கத்தை இலங்கையர் அந்நியரிடம் கற்றனர் என்று கூறுவது வரலாற்றுக்கு மாறானது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கேயர் டுவார்ட்டே பார்போசா, இலங்கையில் மாணிக்கங்களைத் தீயிலிட்டு நிறம் திருத்தும் முறையைக் குறிப்பிட்டிருக்கிறார். கரித்தணலின் நடுவே கல்லை வைத்து, ஊதுகுழலால் இடைவிடாது ஊதி, செம்மணியிற் கலந்த நீலச்சாயலைப் போக்கும் தொழில் இந்நாட்டில் அண்மைக்காலம் வரை நிலைத்திருந்ததை இரத்தினவியலார் பலர் பதிவு செய்திருக்கின்றனர். ஆனால் ஊதுகுழலின் தீ, காற்று மிகுந்த தீ. அதன் வெப்பமும் ரூட்டைலைக் கரைக்கப் போதாதது. நீலத்தைப் போக்கத் தெரிந்த கைகளுக்கு நீலத்தை வருவிக்கும் அடுப்பு இல்லாதிருந்தது.

1970களில் தாய்லாந்து வணிகர் இரத்தினபுரிக்கும் பேருவளைக்கும் வந்து கெவுடாவை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்றனர். சந்தபுரியிலும் பாங்கொக்கிலும் இருந்த உலைகளில் அவை நீலமணிகளாயின. இங்கே எடைக்கணக்கில் அள்ளிக்கொடுத்த கற்கள் அங்கே கரட் கணக்கில் விலைபோயின. அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் 1971ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டிருந்தபோதிலும், கெவுடாவின் இரகசியம் இந்நாட்டுத் தொழிலாளரின் கைக்கு வருவதற்கு ஆண்டுகள் பல சென்றன. பின்னர் இலங்கையரே எரிவாயுவும் பிராணவாயுவும் கொண்டு இயங்கும் லக்மினி உலையை வடிவமைத்தனர். பேருவளையின் தமிழ்பேசும் முஸ்லிம் வணிகர் கல் சுடுவதிற் பெரிதும் தேர்ச்சி பெற்றனர். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கூட்டுத்தாபனத்தின் இடத்தைப் பெற்றது.

கெவுடாவை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்றதைத் தாய்லாந்தவர் செய்த வஞ்சனை என்று தூற்றுவோர் உளர். அக்கருத்தோடு நான் உடன்படேன். அவர்கள் பிரயாசைப்பட்டு உலையைத் திருத்தினர், கல்லை இழந்தும் கற்றனர். கல்வியின் கூலியை அவர்கள் பெற்றது நியாயமே. விளையாட்டில் ஒருவன் கண்ட செய்முறை மறுநாள் அனைவர்க்கும் தெரிந்துவிடுவது போல இங்கே தெரியாமற்போனதே நட்டத்துக்குக் காரணம். செய்முறை பரவுவதற்கு வேண்டிய கல்விநிலையமும் நூலும் உரிய காலத்தில் இல்லாமையே குறை.

6. மறுப்பு ஒன்று

மூலப்பொருளிலேயே மதிப்பு உறைகிறது என்னும் என் வாதத்திற்கு எதிராக எடுத்துக்காட்டத்தக்க சான்றொன்றை மறைப்பது ஆய்வறமாகாது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் செம்மஞ்சள் நிறக் குருந்தங்கள் திடீரென மலிந்தன. இலங்கைக்கே சிறப்பாக உரிய பத்மராக நிறத்தை ஒத்த அவற்றைக் கண்டு ஆய்வுகூடங்கள் ஐயுற்றன. தாய்லாந்தின் உலைகளில், குருந்தத்தோடு கூட வைடூரியத்தின் இனமான கிரைசோபெரில் கல்லும் இடப்பட்டதால், அதிலிருந்த பெரிலியம் மிகுவெப்பத்தில் ஆவியாகிப் பக்கத்துக் குருந்தத்தின் உட்புகுந்து நிறத்தை உண்டாக்கியது என்பது பின்னர் தெளிவாயிற்று. பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கே ஆன அப்பெரிலியத்தை உருப்பெருக்கியால் காண இயலாது. விலையுயர்ந்த நிறமாலைக் கருவிகளே அதனைக் காட்டும்.

இங்கே நிறம் கல்லினுள் இருந்ததன்று, வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. விளையாட்டின் இறைச்சிப்பசையைப் போல, கூட்டப்படும் இன்னொரு பொருளே இங்கு மாற்றத்தைச் செய்தது. அப்படியாயின் கெவுடாவும் அதுவும் ஒன்றா? வணிக உலகம் ஒன்றென்று ஏற்கவில்லை. வெப்பத்தால் மட்டும் திருந்திய கல்லை, அவ்வாறு திருந்தியதென வெளிப்படையாகச் சொல்லி விற்பதைச் சந்தை ஏற்கிறது. வெளிப்பொருள் புகுத்திய கல்லின் விலையோ வெகுவாக இறங்கிவிடுகிறது. தன்னுள் இருந்தது வெளிப்பட்ட கல்லுக்கும் தன்னுள் இல்லாதது திணிக்கப்பட்ட கல்லுக்கும் இடையே வாங்குவோர் காணும் இவ்வேறுபாடு, மூலப்பொருளின் சுபாவத்திற்கு உலகம் தனியாக ஒரு விலை வைத்திருக்கிறது என்பதற்கே சாட்சியாகிறது. மறுப்பாகக் கொண்டுவந்த சான்று என் வாதத்துக்கு ஓர் எல்லையை வகுக்கிறதேயன்றி அதனை வீழ்த்தவில்லை.

எல்லை எதுவென்றால், உறைந்திருக்கும் மதிப்பும் செய்முறையின்றி விலையாகாது. 2021ஆம் ஆண்டு ஜூலையில், இரத்தினபுரிப் பிரதேசத்தில் வீட்டுவளவொன்றில் கிணறு வெட்டுகையில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட 510 கிலோகிராம் நிறையுள்ள நட்சத்திர நீலக்கற் கொத்து உலகச் செய்தியாயிற்று. இருபத்தைந்து இலட்சம் கரட் என்றும், பத்துக்கோடி டொலர் வரை பெறுமென்றும் சொல்லப்பட்டது. நிறையை விலையாகப் பெருக்கிக் காட்டும் இத்தகைய கணக்குகளை நான் நம்புவதில்லை. கொத்துக்குள் வெட்டத்தக்க மணி எவ்வளவு, மங்கல் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அதன் விலை நிற்கும். கரட் எண்ணிக்கை அதனைச் சொல்லாது.

7. பங்கு யாருக்கு

இனி, இவ்வாராய்ச்சி வந்துசேர வேண்டிய இடம் குழியினுள் நிற்கும் தொழிலாளி. மாணிக்கக்குழியின் வருவாய் பங்குமுறையில் பிரிக்கப்படுவது இப்பகுதியின் பழைய வழக்கம். நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரம் தந்தவருக்கு ஒரு பங்கு, எஞ்சியது குழியிலிறங்கி உழைத்தோர்க்கு என அது செல்லும்; கல் கிடைக்கும் வரையில் உழைப்போருக்குச் சாப்பாடும் சிறு செலவுப்பணமுமே ஜீவனம். கூட்டுத்தொழிலில் நட்டத்தையும் இலாபத்தையும் பகிரும் இம்முறையிலுள்ள நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் கணக்கு, பட்டைதீட்டாத, தீயிலிடாத கல் கைமாறும் அந்த முதல் விலையோடு முடிந்துவிடுகிறது. கல் சுடப்பட்டு, பட்டையிடப்பட்டு, பன்மடங்கு விலையேறும்போது, அதனைச் சரளையிலிருந்து தெரிந்தெடுத்த கண்ணுக்கு அந்த ஏற்றத்தில் ஒரு காசும் இல்லை.

சப்ரகமுவைத் தோட்டங்களின் தமிழ்மக்களுக்கு இவ்விழப்பு இருமடங்காகிறது. தேயிலையிலும் இறப்பரிலும் பேர் பதிந்து உழைத்துவிட்டு, மிஞ்சிய பொழுதில் கல்லுக்குழியில் இறங்குவோர் அவர்களிடையே எப்போதும் உண்டு. ஆனால் நிலப்பங்கு என்பது அவர்களுக்கு எட்டாதது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அச்சமூகம், 1972இலும் 1975இலும் நிகழ்ந்த நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளுக்குச் சென்றபோதும், தாம் பிறந்த லயத்தின் அடிநிலத்துக்குத்தானும் உரிமை பெறவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்ததேயன்றி நிலத்தைத் தரவில்லை. தம் லயத்துக்கு அடியிலேயே இல்லம் ஓடினும், அதில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது உழைப்புப்பங்கு ஒன்றே.

செய்முறை பொதுவாயிருக்கும் உலகொன்றில் எல்லா விளையாட்டாளரும் ஒரே தொடக்கத்தில் நிற்கின்றனர். அது கற்பனையுலகம் நமக்குக் காட்டும் நல்ல முன்மாதிரி. அதனை இங்கே கொணர்வது இயலாத காரியமன்று. இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவைப் பல்கலைக்கழகமும் கல் தெரிதல், கல் சுடுதல் ஆகியவற்றைத் தோட்டப்பிள்ளைகளும் பயிலும்படி தமிழில் விரிவாகக் கற்பிக்க வேண்டும். குழியில் நிற்கும் முதியோர் கெவுடாவின் வகைகளுக்கு வழங்கும் பெயர்களையும், எந்தச் சாயல் எந்த நிறமாக முடியுமென்று அவர்கள் கைக்கொள்ளும் அடையாளங்களையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். பங்குமுறையில், சுடப்பட்டபின் ஏறும் விலையிலும் ஒரு பகுதி தெரிந்தெடுத்தவருக்குச் சேரும்படி ஒப்பந்தங்கள் திருத்தப்பட வேண்டும். இம்மூன்றையும் அதிகாரசபையும் தோட்டத் தொழிற்சங்கங்களும் ஒருங்கே அமர்ந்து தீர்மானிக்கும்படி, இப்பகுதியில் வாழும் தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் தத்தம் பிரதிநிதிகளை வற்புறுத்துமாறு வேண்டுகிறேன்.